அக்கா, உன் கம்ப்யூட்டர் ஏன் கொதித்தது என்றால்

என் ரேவதி அக்காவுக்கு, இதை முறைக்காமல் படிக்க வேண்டிய என் செல்லத்துக்கு,

உன் கம்ப்யூட்டரைப் பிரித்துவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டுவதென்றால் இங்கேயே திட்டி முடித்துவிடு, மீதியை நிம்மதியாகப் படிக்கலாம். எட்டு மாதம் யாரும் தொடாத ஸ்க்ரூக்களைக் கழற்றி, செத்துப்போன போர்டை வெளியே எடுத்து, வேறு போர்டு மாட்டி, ஓடவும் வைத்தேன். ஓடியது. கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு சிப் கொதித்து, தானாகவே அணைந்தது.

இதை உனக்குத் தெரியாத நாலு பேரும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்கா எம்பிராய்டரி பஞ்சிங் செய்தவள். பேப்பரில் யாரோ வரைந்த பூவை, மெஷின் தைக்கக்கூடிய தையல்களாகக் கம்ப்யூட்டரில் மாற்றுகிற வேலை. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே நூல் அறுக்க வேண்டும் எல்லாம் அவள் சொல்ல வேண்டும். செல்வபுரத்தில் எங்கள் வீட்டில் தன் அறையில் உட்கார்ந்து, திருப்பூர் பக்கத்து எம்பிராய்டரி மெஷின் யூனிட்டுகளுக்கு அனுப்புவாள். ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவ்வளவுதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

நான் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டவள். அதற்குப் பிறகு செல்போன் கடை, ஒரு வண்டி ஷோரூம், ஒரு பேக்கரி. எந்த இடத்திலும் கொடுத்த யூனிஃபார்ம் சாயம் போகும்வரை நான் இருந்ததில்லை.

போன மாதம் வெள்ளகோவிலில் இருந்து மணிமேகலை அக்கா போன் செய்தார். யூனிட் வைத்திருக்கிறாரே, உன்னிடம் சண்டை போட்டுக்கொண்டே உனக்கு மட்டும் டிசைன் கொடுப்பாரே, அவர்தான்.

"ஏனுங் பவி, உங்கக்கா பாதில உட்டுட்டுப் போன மயிலு ஒண்ணு இருக்குதில்லீங்க. ஜாக்கெட் கைக்குப் போடற மயிலு. கடைக்காரங்க மறுக்கா கேக்கறாங்க. நானும் இத்தன மாசம் வாயத் தொறக்கல. கேக்கறதுக்கே கூச்சமா இருந்துச்சுங்க."

"எவ்ளோ தூரம் முடிச்சிருக்குதுன்னு தெரியலீங்க."

"கழுத்தும் ஒடம்பும் முடிஞ்சுதுன்னு உங்கக்கா சொல்லுச்சுங்க. தோகை மட்டும் பாக்கி. உங்களால முடிஞ்சா அடுத்த சனிக்கெழமைக்குள்ள குடுங்க. இல்லீன்னா திருப்பூர்ல வேற ஆளுகிட்டச் சொல்லி முதல்ல இருந்து போட்டுக்கறேன். வருத்தப்படாதீங்க, என்ன?"

முதலில் இருந்து என்ற வார்த்தைதான் என்னைக் குத்தியது. வேறு யாரோ உட்கார்ந்து புது மயில் போட்டால், உன் கழுத்தும் உடம்பும் யாருக்கும் வேண்டாததாகிவிடும். நீ கடைசியாகத் தொட்ட வேலை அது. உன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாய் அடித்துக்கொண்டே இரண்டு வருடம் நானும் அந்த சாஃப்ட்வேரைக் கற்றிருக்கிறேன், இல்லையா. முடியுங்க என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். அது ஆன் ஆகவே இல்லை.

அந்த சாஃப்ட்வேர் உன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும் என்பது உனக்குத் தெரியும். வேறு வழியில்லை. உக்கடத்துக்கு ஓடினேன். அங்கே பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஜமால் பாய், உன் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உப்பிப்போன நாலு பாகங்களை விரலால் தொட்டுக் காட்டினார். அதே மாடலில் ஒரு பழைய போர்டு மூன்று நாள் தேடி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உன் போர்டில் இருந்த சிப்பைக் கழற்றி இதில் மாட்டினேன். மேலே சூடு கடத்துகிற பேஸ்ட் தடவி, அந்தச் சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க்கை வைத்து, ஃபேனை மாட்டி, சிபியுவை மூடினேன். மேசை மேல் மடித்து வைத்திருந்த துணி உறையையும் போட்டுவிட்டேன். நீ பனியன் துணியில் தைத்த உறை. எதிரே பஞ்சு குடோன் இருக்கிற வீட்டில், அந்த உறை இல்லாமல் ஒரு நாள்கூட நீ கம்ப்யூட்டர் போட்டதில்லை. ஒருமுறை ஃபேனுக்குள் பஞ்சு சுற்றி நின்றுபோன பிறகு, பஞ்சை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விட நீ கண்டுபிடித்த வித்தை அது.

எட்டு நிமிடம் ஓடியது. தொண்ணூற்றேழு டிகிரி. அணைந்தது.

பேஸ்ட்தான் தப்பு என்று நினைத்தேன். தப்புத்தான். பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுகிற மாதிரி ஊற்றியிருந்தேன். துடைத்துவிட்டு, பட்டாணி அளவு வைத்தேன். ஒன்பது நிமிடம். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், ஹீட் சிங்க்கின் நாலு கால்களில் ஒன்று போர்டுக்குள் பதியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அம்மாவிடம் கத்திச் சொன்னேன். ஊர்ச் சேலைக்குக் கூலிக்குக் கஞ்சி போடுகிற அம்மா, வாசலில் யாரோ டீச்சருடைய சேலையைக் கஞ்சியில் முக்கிக்கொண்டிருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன் மயிலைத் திறந்தேன். திரையில் அந்தக் கழுத்து வந்தது. தோகையில் என் முதல் இறகை ஆரம்பித்தேன். இருபதாவது நிமிடம் திரை கறுத்துவிட்டது.

அடுத்த இரண்டு நாள் நான் செய்ததை எல்லாம் எழுதினால் நீ சிரிப்பாய். புது ஃபேன் மாட்டினேன். மேசையைச் சுவரில் இருந்து நகர்த்தினேன். கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று ப்ளக்கை மாற்றினேன். ஒருமுறை சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே அணைந்து ஃபைல் கெட்டுப்போனது. நல்லவேளை, முதல் நாளே பென்டிரைவில் ஒரு காப்பி போட்டிருந்தேன். ஆனால் அப்போது எனக்கு அந்தப் பழைய எண்ணம் வந்துவிட்டது. விட்டுவிடலாம் என்ற எண்ணம். உனக்குத் தெரியுமே, அது வரும்போது என் கால் ஆட ஆரம்பிக்கும். ஆடியது.

ஆடிக்கொண்டே சிபியுவை ஸ்கூட்டியில் காலுக்கு நடுவில் வைத்து மறுபடி உக்கடம் போனேன்.

ஜமால் பாய் அதைக் கடை மேசையில் வைத்து, கடினமான வேலை ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டார். பத்து மணிக்குப் போட்டது, ஒரு மணி வரை ஓடியது. ஐம்பத்தெட்டு டிகிரிக்கு மேல் ஏறவில்லை.

"பாத்தியா கண்ணு. கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமில்ல. சூடு உனக்குத்தான்."

"பாய், சத்தியமா ஊட்டுல கொதிக்குதுங்க."

"அப்ப உங்க ஊட்டுல ஏதோ இருக்குது. இங்க எப்புடி வெச்சிருக்கறேனோ அப்புடியே அங்க வையி. எது வித்தியாசமோ அதுதான் திருடன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. இன்னும் நாலு தடவ இப்புடிக் கொதிக்க உட்டீன்னா சிப்பே போயிரும். அப்புறம் எங்கிட்ட அழுதுட்டு வராத. இந்த சிப்பெல்லாம் இப்ப ஆரு வெச்சிருக்கறா."

அன்றைக்கு வியாழக்கிழமை. வீட்டுக்கு வந்து சிபியுவை மேசையில் வைத்து, வழக்கம்போல உறையைப் போட்டு, ஆன் செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். எது வித்தியாசம்? அங்கே ட்யூப்லைட், இங்கே பல்பு. அங்கே பாய், இங்கே நான். டிகிரி ஏறிக்கொண்டே இருந்தது. எழுபது. எழுபத்தாறு.

காற்று உள்ளே போகிறதா என்று பார்க்கத் தோன்றியது. காற்றை எப்படிப் பார்ப்பது? உன் போட்டோவுக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டேன். கோவித்துக்கொள்ளாதே.

சமையலறையில் இருந்து அம்மா பார்த்துவிட்டது. "ஏ அம்மிணி, அக்கா பத்திய எங்க கொண்டுட்டுப் போற?"

"அவ கம்ப்யூட்டருக்குத்தாம்மா. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

சிபியுவின் முன்பக்கம் பத்தியைப் பிடித்தேன். ஃபேன் இழுத்தால் புகை உள்ளே போக வேண்டும். புகை நேராக மேலே போனது, அப்படி ஒரு பெட்டி அங்கே இல்லாத மாதிரி. உறையைக் கழற்றிவிட்டு மறுபடி பிடித்தேன். புகை வளைந்து, ஓட்டைகளுக்குள் சரசரவென்று நுழைந்தது.

கையில் இருந்த உறையைப் பார்த்தேன். அதை நான்தான் தினமும் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன், ஆனால் அப்போதுதான் பார்த்தேன். அட்டை மாதிரி விறைத்து நின்றது. வாயில் வைத்து ஊதினேன், மூச்சு அந்தப் பக்கம் போகவில்லை. மோந்து பார்த்தேன். ஜவ்வரிசிக் கஞ்சி.

அக்கா, பனியன் துணிக்கு யாராவது கஞ்சி போடுவார்களா?

நேராக அம்மாவிடம் போனேன். என் வாய் உனக்குத் தெரியுமே. "ஆரும்மா இதுக்குக் கஞ்சி போட்டது? நாலு நாளா நான் செத்துட்டு இருக்கறேன் இங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உறையை வாங்கிப் பார்த்தது. "நாந்தான். ஏன், சரியா நிக்கலியா?"

"நல்லா நிக்குது. காத்தே போகாம நிக்குது. உள்ள கொதிச்சு அணையுது."

"கஞ்சி போடாம எப்புடி மடிக்கறது? நீ கழட்டி ஜன்னல்ல வீசிட்டுப் போயிட்ட. பஞ்சும் தூசுமாக் கெடந்துச்சு. ஊர்ச் சேலைக்கெல்லாம் போடறேன்." உறையின் மடிப்பை விரலால் நீவியது. "அவ தெச்சதாச்சே. ரெண்டு தடவ முக்குனேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னலில் இருந்து எடுத்திருக்கிறது. உன் அறை ஜன்னல். நீ போன நாளில் இருந்து அம்மா அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை அக்கா. எட்டு மாதம். கூட்டுவதற்குக்கூட என்னைத்தான் அனுப்பும். வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நான் உக்கடத்தில் போர்டு தேடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில், யாரும் சொல்லாமல், யாருக்கும் சொல்லாமல், உள்ளே போய் உன் பொருளை எடுத்து வந்து, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மறுபடி உள்ளே போய் மேசையில் வைத்திருக்கிறது. நானோ, மடித்து வைத்திருந்ததை எடுத்து மாட்டினேன். யார் துவைத்தார்கள் என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் துணி தானாகவே சுத்தமாகும் என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் போல.

அம்மா முகம் சுருங்கிவிட்டது. "நான் தொட்டுக் கெடுத்துப்போட்டனா?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்கு வந்தது இதுதான். "கெடல. நல்லாத்தான் இருக்குது, கஞ்சிதான் ஜாஸ்தி. சுடுதண்ணில அலசிக் குடு. வெறும் துணியா. நாளைக்கும் இதையே தொவைக்கோணும், வாராவாரம் தொவைக்கோணும். எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்."

"வாராவாரமா?"

"பின்ன? குடோன எடுத்துட்டாப் போயிட்டாங்க?"

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அடுப்பில் தண்ணீர் வைத்தது.

மத்தியான வெயிலில் உறை அரை மணியில் காய்ந்தது. அதை அம்மாவே எடுத்து வந்து, வாசற்படியில் ஒரு கணம் நின்று, உள்ளே வந்து, சிபியுவுக்கு மாட்டியது. குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி. நான் ஆன் செய்தேன். இருவரும் திரையின் மூலையில் ஓடுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அது என்ன, அறுவத்தி ரெண்டு?"

"சூடும்மா."

"காச்சலா?"

"இல்ல. இதுக்கு இது சாதாரணம்."

"எத்தனைக்கு மேல போனா பயப்படோணும்?"

"தொண்ணூறு."

அம்மா உன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "எத்தன?" என்று கேட்கும். "அறுவத்தி மூணு." "எத்தன?" "அறுவத்தொண்ணு." இருபது நிமிடம் தாண்டியது. ஒரு மணி நேரம் தாண்டியது. ஆஸ்பத்திரியில் நாங்கள் இப்படித்தான் உன் காய்ச்சல் எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கே ஒவ்வொரு முறையும் யாரோ பதில் சொல்லத் தயங்கினார்கள். இங்கே நான் தயங்கவே வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் அம்மா அப்படியே தூங்கிவிட்டது. உன் கட்டிலில், சுவர்ப்பக்கம் திரும்பி, நல்ல தூக்கம்.

நான் தோகையைப் போட்டேன். ஒன்று கேட்கிறேன், நீ முடித்து வைத்திருந்த ஒரே ஒரு இறகை ஏன் நுனியில் இருந்து ஆரம்பித்து உடம்பை நோக்கிக் கொண்டுவந்தாய்? எனக்குப் புரியவில்லை. நான் என் புத்திப்படி உடம்பில் இருந்து நுனிக்குப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது முடிந்தது.

சனிக்கிழமை பென்டிரைவோடு வெள்ளகோவிலுக்கு பஸ் ஏறினேன். மணிமேகலை அக்கா சாம்பிள் ஓட்டச் சொன்னார். மெஷின் உன் கழுத்தைத் தைத்தபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு என் தோகை வந்தது. துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நுனியெல்லாம் சுருக்கம் உழுகுது பாருங்க. தையல் துணியத் தள்ளிட்டே போயிருச்சு. உங்கக்கா கழுத்து அம்சமுங்க. உங்க தோகை கொஞ்சம் அவசரம்."

எனக்குக் கால் ஆட ஆரம்பித்தது. நல்லது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூன்று வேலையில் சொல்லிப் பழகிய வார்த்தை. ஆனால் அப்போதுதான் புரிந்தது, நீ ஏன் நுனியில் ஆரம்பித்தாய் என்று. நுனியில் ஆரம்பித்தால், துணி தள்ளப்பட்டாலும் உடம்பைத் தைத்த தையல்களுக்குள் போய் அடங்கிவிடும். வெளியே ஒரு சுருக்கமும் தெரியாது.

"தோகைய மறுபடியும் போட்டுக் கொண்டாறேனுங்க," என்றேன். "எல்லா எறகையும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கக்கா உங்களப் பத்திச் சொன்னதுக்கும் இதுக்கும் பொருந்தலியே."

"என்ன சொன்னா?"

"அது எங்களுக்குள்ள. திங்கக்கெழம வாங்க. அதுக்கு மேல என்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். ஒன்பது மணி நேரம். அறுபத்து நாலைத் தாண்டவில்லை. கம்ப்யூட்டரும் அணையவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. அம்மா மத்தியானம் தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தது, அந்த அறைக்குள்ளேயே.

திங்கட்கிழமை சாம்பிள் வந்ததும் மணிமேகலை அக்கா தோகை மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினார். ஆபரேட்டர் பக்கம் திரும்பி, "ஓட்டுங்க" என்றார். பன்னிரண்டு தலை மெஷின். பன்னிரண்டு ஊசியும் ஒன்றாக இறங்கின. பன்னிரண்டு மயில், எல்லாவற்றுக்கும் உன் கழுத்து, என் தோகை. எங்கே நீ முடிந்து எங்கே நான் ஆரம்பிக்கிறேன் என்று தேடிப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது ஒரு பேப்பரை நீட்டினார். மாங்காயும் கொடியுமாக ஒரு புது டிசைன். இதில் உன் கை எங்கும் இல்லை. முதல் தையலில் இருந்து நான்தான். பயமாக இருக்கிறது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

இத்தனை நாளும் நான் உன் நாற்காலியில் உட்காரவில்லை அக்கா. பழைய ஸ்டூலிலேயே உட்கார்ந்து மயிலை முடித்தேன், முதுகு விட்டுப்போனது. இன்றைக்குக் காலையில் ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் கால் தரைக்கு எட்டவில்லை. உன் உயரம் எனக்கு எப்போது இருந்தது? அடியில் இருந்த கம்பியைத் தூக்கி, என் அளவுக்கு இறக்கிவிட்டேன்.

அதை மறுபடி ஏற்ற மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

கால் தரையில் பதிய உட்கார்ந்து இதை எழுதுகிற,
உன் தங்கச்சி பவி